நாக்கில் ஒட்டிய மாத்திரை

சுட்ட பீங்கான் சரியாக வெந்திருக்கிறதா என்று பார்க்க எங்களிடம் கருவி எதுவும் கிடையாது. சூளையிலிருந்து இறக்கிய பொருளின் பூச்சு ஏறாத அடிப்பக்கத்தை நாக்கு நுனியில் வைப்போம். வெந்தது வழுக்கும். வேகாதது நாக்கைப் பிடித்து இழுக்கும். இழுத்தால் அது கழிவுக் கூடைக்குப் போய்விடும். விருத்தாசலம் செராமிக் கம்பெனி ஒன்றில் ப்யூஸ் கட்டைகளைத் தரம் பிரிக்கிற வேலை எனக்கு. தட்டிச் சத்தம் கேட்பது, சந்தேகம் வந்தால் நாக்கை வைப்பது. மத்தியானம் புளிக்குழம்பு ஊற்றிச் சாப்பிட்டாலும் முதல் நாலு வாய் மண்ணாகத்தான் ருசிக்கும். மேஸ்திரி என் நாக்கை நம்புவார். நானும் நம்பினேன்.

அதை நம்பித்தான் ஒரு பெண்ணின் வயிற்றுப் பிள்ளையோடு விளையாடினேன்.

நான் ஓரிடத்தில் நிலைக்கிற ஆள் இல்லை. எட்டாவது பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டேன். திருப்பூரில் பனியன் மடித்தேன். சென்னையில் ஒரு பெண்கள் விடுதியில் காய் நறுக்கினேன். வேப்பூர் ரோட்டோர ஓட்டலில் லாரிக்காரர்கள் சாப்பிட்ட தட்டுகளைக் கழுவினேன். நடுவே பதினோரு மாதம் ஒரு கல்யாணமும் இருந்தது. எனக்கு மாதவிடாய் நாலைந்து மாதத்துக்கு ஒரு முறைதான் வரும், தாடையில் முடி முளைக்கும் என்று தெரிந்த பிறகு அந்த வீட்டில் என்னை யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. எனக்குச் சோறு எடுத்து வைப்பதை மட்டும் மறந்து மறந்து போனார்கள். ஒருநாள் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். ஓர் ஊரில் தொல்லை வந்தால் அடுத்த ஊருக்கு பஸ் ஏறுவது. எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் அதுதான்.

விருத்தாசலத்தில் நான் குடியிருந்த அறை ஒரு தையல்காரியின் வீட்டுப் பின்பக்கம் இருந்தது. அவள் என்னைவிட ஐந்தாறு வயது இளையவள். புருஷன் குவைத்தில். மாமியார் முன்னறையில் டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும். இவள் நடு அறையில் மிஷினை மிதித்து ரவிக்கை தைப்பாள். அவள் அறைக்கும் என் அறைக்கும் நடுவே ஒற்றைச் செங்கல் சுவர். மிஷின் ஓடுவதும் நிற்பதும் எனக்குக் கேட்டபடியே இருக்கும்.

அவளுக்கும் எனக்கும் ஒரே வியாதி என்பது பழகிய மூன்றாவது வாரமே தெரிந்துபோனது. தாடை முடியை நூல் போட்டு எடுக்க ஒருத்திக்கு இன்னொருத்தியின் கை வேண்டியிருந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம் மாமியார் தூங்கும்போது கதவைச் சாத்திக்கொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பிடித்துக்கொள்வோம். ரவிக்கை தைக்கிற நூல்தான்.

"ஆறு வருசமா புள்ள இல்லன்னு ஊரே பேசுது" என்றாள் ஒருமுறை, நூலைப் பல்லில் கடித்தபடி. "அவரு வந்த லீவ எல்லாம் கூட்டிப் பாரு. எட்டு மாசம்தான்க்கா நான் புருசனோட வாழ்ந்திருக்கேன். இதுல மாசாமாசம் வர வேண்டியது எனக்கு வரவும் வராது. கணக்கு எங்கேர்ந்து ஒத்து வரும்?"

ஒரு சித்திரையில் எங்கள் கம்பெனிக்கு ரத்தம் சோதிக்க ஒரு குழு வந்தது. சேத்தியாத்தோப்பு தாண்டி இருக்கிற பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தார்கள். என்னைத் தனியே கூப்பிட்டு நிறையக் கேட்டார்கள். பிறகு அங்கே வரச் சொன்னார்கள். வயிற்றில் ஸ்கேன் எடுத்த பெண் டாக்டர் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். கறுப்புக் கறுப்பாக, மாலை கோத்தது மாதிரி சின்னச் சின்னப் பொட்டுகள்.

"நீர்க்கட்டின்னு சொல்றாங்களே, அது கட்டியே இல்லமா. முழுசா வளராம நின்னுபோன முட்டைங்க" என்றார்.

என்னை மாதிரிப் பெண்களுக்கு ஒரு மாத்திரை எவ்வளவு தூரம் உதவுகிறது என்று ஓர் ஆய்வு நடக்கிறது, ஆறு மாதம், சேர விருப்பமா என்று கேட்டார். மாத்திரை இலவசம். பஸ் காசும் தருவார்கள். சேர்ந்தேன். பெரிய எண்ணம் எதுவும் இல்லை. வாரா வாரம் தாடையில் நூல் போடாமல் இருந்தால் போதும் என்றிருந்தது.

ஒப்புதல் தாளை ஆய்வு சிஸ்டர் எனக்கு வாசித்துக் காட்டினார். வாசித்தது முழுவதையும் கேட்டேன் என்று சொல்ல மாட்டேன். நாலேகால் பஸ்ஸில் மனசு இருந்தது. ஆனால் இரண்டு விஷயங்கள் தெளிவாகக் காதில் விழுந்தன. ஒன்று, பாதிப் பேருக்கு நிஜ மருந்து, பாதிப் பேருக்குப் பார்க்க அதே மாதிரி இருக்கும் வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று யாருக்கும் தெரியாது.

"டாக்டருக்கும் தெரியாதா?"

"அவங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. யாருக்கு எதுன்னு எழுதி மருந்துக் கிடங்குல உறையில போட்டு ஒட்டி வெச்சிருக்குது."

"தெரியாமயே வைத்தியம் பாக்கறீங்களா?"

சிஸ்டர் சிரித்தார். "தெரிஞ்சா நம்ம மனசு போய் அதுல உக்காந்துக்கும்மா. நல்லாருக்குதுன்னு நீ சொல்லிடுவ, நானும் எழுதிடுவேன். மாத்திரை செஞ்சுதா மனசு செஞ்சுதான்னு அப்புறம் யாரு பிரிக்கிறது?"

இரண்டாவது விஷயத்தை நிறுத்தி நிறுத்தி இரண்டு முறை சொன்னார். "இத சாப்பிடற வரைக்கும் கர்ப்பம் ஆவக் கூடாது. வயித்துல இருக்கறது ஆம்பளப் புள்ளயா இருந்தா, அதோட ஆண் உறுப்பு சரியா உருவாகாம போவலாம். புரியுதா?"

"எனக்கு எங்க சிஸ்டர், புருசனே இல்ல" என்றேன். கையெழுத்துப் போட்டேன்.

தையல்காரியும் என்னோடு வந்திருந்தாள். அவளைச் சேர்த்துக்கொள்ளவில்லை. பிள்ளை வேண்டும் என்கிறவர்களுக்கு இந்த மாத்திரை கூடாது, உனக்கு வேறு மருந்து இருக்கிறது, செவ்வாய்க்கிழமை புற நோயாளிப் பிரிவுக்கு வா, எடையைக் கொஞ்சம் குறை என்றார்கள். திரும்பி வரும் பஸ்ஸில் அவள் ஜன்னலைப் பார்த்தபடியே வந்தாள். சேத்தியாத்தோப்பில் பஸ் நின்றபோதுதான் வாயைத் திறந்தாள்.

"புருசன் இல்லாதவளுக்கு மருந்தாம். எனக்கு நடக்கச் சொல்றாங்க. நல்லாருக்குது நாயம்."

முதல் மாதம் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டேன். அது அக்கினி நட்சத்திர வெயில். சூளைக்குப் பக்கத்து ஆணியில்தான் என் பை தொங்கும், பாட்டில் அதற்குள் இருக்கும். அடிக்கடி சிறுநீர் வந்தது. எழுந்து நின்றால் தலை சுற்றும். அனலில் வேலை செய்கிறவர்களுக்கு எதுதான் சுற்றாது என்று விட்டுவிட்டேன். சிஸ்டரிடமும் சொல்லவில்லை.

வைகாசிக் கடைசியில் மறுபரிசோதனைக்குப் போனபோது பெஞ்சில் என் பக்கத்தில் பெண்ணாடத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். அவள் அப்பாவுக்குக் கரும்பு விவசாயம். அவளும் ஆய்வில் இருந்தாள். பேச்சோடு பேச்சாக இரண்டு பேரும் பாட்டிலைத் திறந்து மிச்ச மாத்திரையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். ஒரே வெள்ளை, ஒரே அளவு. எனக்குக் கை சும்மா இருக்காது. என்னுடையதை எடுத்து நாக்கில் வைத்தேன். பச்சென்று ஒட்டி இழுத்தது. அவளுடையதை வாங்கி வைத்தேன். வழுக்கியது.

"இன்னாக்கா பண்றீங்க?"

"உன்னுது மருந்து. என்னுது வெறும் மாவு" என்றேன்.

"நாக்குல வெச்சா தெரியுமா?"

"எங்க வேலையே அதுதான்."

அவள் கண்கள் விரிந்ததைப் பார்த்து எனக்கு ஒரு பெருமை. படித்த டாக்டருக்குத் தெரியாதது, உறை போட்டு ஒட்டி வைத்தது, எனக்குத் தெரிந்துவிட்டது. அவள் பாட்டில் அவர்கள் வீட்டில் தண்ணீர்ப் பானை மேடையில் இருந்தது என்றும் சொன்னாள். காதில் வாங்கினேன். மனசில் வாங்கவில்லை.

இதற்குள் தையல்காரிக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. ஆடியில் புருஷன் வருகிறான், இரண்டு மாத லீவு. செவ்வாய்க்கிழமைப் பிரிவுக்கு ஒரே ஒரு முறை போனாள். மாமியார், ரவிக்கை, பஸ் என்று அடுத்த முறை தட்டிப்போனது. தினமும் என் கதவருகே வந்து நின்றாள்.

"பாதி குடுக்கா. உனக்குப் பத்து மாத்திரை, எனக்குப் பத்து மாத்திரை. யாரு பாக்கப் போறாங்க?"

"உனக்குக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க இல்ல?"

"அவங்க சொன்னாங்க. நீ சொல்லு. நமக்கு ஒரே வியாதியா இல்லையா? ஒரே நூல்லதான மூஞ்சியத் தேய்க்கிறோம்?"

மூன்றாம் நாள் அழுதாள். நாலாம் நாள் பேசவில்லை. மிஷின் ஓடும் சத்தத்திலேயே கோபம் தெரிந்தது. ஐந்தாம் நாள் பாட்டிலை முழுசாக எடுத்து அவள் கையில் கொடுத்தேன். என் கணக்கு இதுதான்: என் மாத்திரை வெறும் மாவு, அதனால் கெடுதல் இல்லை. கிடைத்துவிட்டது என்று அவள் மனசாவது அடங்கும். அது வெறும் மாவு என்று அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் வாங்க மாட்டாள். மாதா மாதம் புதுப் பாட்டில் வாங்கி அவளிடம் கொடுத்தேன். காலிப் பாட்டிலை சிஸ்டரிடம் திருப்பிக் கொடுத்தேன். மாத்திரை கணக்கு சரியாக இருக்கிறது என்று சிஸ்டர் பாராட்டினார்.

நான் மாத்திரையை நிறுத்தியதும் தலைசுற்றல் நின்றது. வெயில் தணிந்ததால் என்று நினைத்துக்கொண்டேன்.

புருஷன் வந்தான், இரண்டு மாதம் இருந்தான், போனான். போன இருபதாவது நாள் அவள் என் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள். மருந்துக் கடையில் வாங்கிய சோதனை அட்டை கையில் இருந்தது. இரண்டு கோடு. அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், அழுதாள்.

"உன் மாத்திரதான்க்கா. அல்லா உன்ன நல்லா வெப்பான். மூணு மாசம் போவட்டும், அப்புறம் மாமிகிட்ட சொல்றேன். அதுவரைக்கும் விடாம சாப்பிடறேன். புள்ள தங்கணும் இல்ல?"

எனக்கு சந்தோஷம்தான். மாவைத் தின்று பிள்ளை பெறப்போகிறாள் என்று உள்ளுக்குள் ஒரு சிரிப்பும் இருந்தது. சாப்பிடு என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லை. அறையில் படுத்திருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் மிஷின் ஓடியது, நின்றது. குளியலறைத் தாழ்ப்பாள் சத்தம். மறுபடி ஓடியது. கொஞ்ச நேரத்தில் நின்றது. மறுபடி தாழ்ப்பாள். ஒரு பக்கக் கை தைத்து முடிப்பதற்குள் மூன்று முறை எழுந்து போனாள். பிள்ளைத்தாச்சிக்கு அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துப் புரண்டு படுத்தேன். பிறகு ஏதோ சரியும் சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தேன். மிஷினைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"ஒண்ணுமில்லக்கா. எழுந்தா சுத்துது. ரெண்டு மாசமாவே இப்பிடித்தான். அவரு இருக்கும்போதே இருந்துது."

அவன் இருக்கும்போதே என்றால் பிள்ளை தங்குவதற்கு முன்பே. எனக்குச் சித்திரை மாதத்து சூளையும் ஆணியில் தொங்கிய பையும் ஞாபகம் வந்தன. அடிக்கடி எழுந்து போனதும், எழுந்தால் சுற்றியதும்.

"மாத்திர எங்க வெச்சிருக்க?"

"குடத்துக்குப் பின்னால. மாமி கண்ணுல படாம."

தண்ணீர்க் குடத்துக்குப் பின்னால், ரவிக்கைத் துணி வெட்டில் சுற்றி வைத்திருந்தாள். துணி ஈரமாக இருந்தது. அதிலிருந்து ஒன்றை எடுத்து நாக்கில் வைத்தேன். வழுக்கியது. பாட்டில் மாமியார் கண்ணில் படும் என்று அந்த மாதம் மட்டும் பாதியைத்தான் வாங்கிப் போயிருந்தாள். மீதி என் பையில், சூளைக்கருகே தொங்கும் அதே பையில், கிடந்தது. அறைக்குப் போய் அதிலிருந்து ஒன்றை எடுத்து வைத்தேன். பச்சென்று ஒட்டியது.

ஒரே பாட்டில். ஒரே மாத்திரை.

காய்ந்தது எதுவும் நாக்கை இழுக்கும், ஈரம் குடித்தது எதுவும் வழுக்கும். வேகாத பீங்கானைக் கூடத் தண்ணீரில் நனைத்துவிட்டு நாக்கில் வைத்தால் வழுக்கத்தான் செய்யும். அது எனக்குத் தெரியும். தெரியாதவளாக இருந்திருந்தால் மன்னித்துக்கொள்ளலாம். பெண்ணாடத்துப் பெண்ணின் பானை மேடை அப்போதுதான் மனசில் வந்து உட்கார்ந்தது. என் மாத்திரை மருந்தா, மாவா என்பது எனக்கு ஒருநாளும் தெரிந்திருக்கவில்லை.

திரும்பிப் போய் அந்தத் துணி முடிச்சை எடுத்துக்கொண்டேன்.

"இனிமே இத சாப்பிடாத."

"ஏன்?"

சொன்னேன். சிஸ்டர் வாசித்ததை, ஆண் பிள்ளையாக இருந்தால் என்ன ஆகலாம் என்பதை, வார்த்தை மாறாமல் சொன்னேன்.

"இது உனக்கு எப்போ தெரியும்?"

"மொதல் நாள்லேர்ந்து."

"தெரிஞ்சா குடுத்த?"

"என்னுது வெறும் மாவுன்னு நெனச்சேன். நாக்குல வெச்சுப் பாத்தேன்."

"நாக்குல." அவள் எழுந்து நிற்கப் பார்த்து மறுபடி உட்கார்ந்தாள். "வெறும் மாவுன்னு நெனச்சிக்கிட்டுதான் என் கையில குடுத்தியா? நான் உன் கையப் புடிச்சு அழுதேனே, அப்போ மாவுதான் குடுத்தியா?" குரல் உயரவில்லை. மாமியாரின் டிவி முன்னறையில் ஓடிக்கொண்டிருந்தது. "இல்ல, இப்போ பொய் சொல்றியா? எனக்குத் தங்கிடுச்சுன்னு வயிறு எரியுதா? உனக்குத்தான் எதுவும் இல்லையே, போறதுக்கு ஒரு வூடுகூட இல்லையே."

"எப்பிடி வேணாலும் நெனச்சிக்க. சாப்பிடாத."

"யாருகிட்டயும் சொல்லாத" என்றாள். "மாமிக்குத் தெரிஞ்சா கண்ட மாத்திரையத் தின்னு புள்ளயக் கெடுத்தவன்னு பேரு வெக்கும். அவரு போன்லயே தலாக் சொல்லி முடிச்சிடுவாரு."

அறைக்கு வந்து பையை எடுத்தேன். இரண்டு சேலை, போர்வை, டம்ளர். பழக்கத்தில் கை தானாகவே மடித்தது. திருப்பூரில் தெரிந்தவள் ஒருத்தி இருந்தாள். பஸ் ஏறினால் எல்லாம் பின்னால் போய்விடும். இதுவரை போயிருக்கிறது. துணி முடிச்சைப் பையில் போடும்போது ஒன்று உறைத்தது. இது என்ன மாத்திரை என்பது அந்த உறைக்குள் இருக்கிறது. அந்த உறையின் எண் என் பேரில் இருக்கிறது. நான் போய்ச் சொல்லாவிட்டால் அதை உடைக்க உலகத்தில் வேறு யாருக்கும் காரணம் கிடையாது.

காலையில் பஸ் ஏறினேன். சேத்தியாத்தோப்புப் பக்கம் போகிற பஸ்.

சிஸ்டர் என்னைப் பார்த்ததும், "இன்னிக்கு உன் நாள் இல்லையே" என்றார். நான் துணி முடிச்சை மேசையில் அவிழ்த்து வைத்தேன். சொல்லி முடிக்கும் வரை அவர் நிற்கிறாரா உட்கார்ந்திருக்கிறாரா என்றுகூடப் பார்க்கவில்லை. முடித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி நான் எதிர்பார்த்தது இல்லை.

"அப்போ நாலு மாசமா நான் உன்கிட்ட எடுத்த ரத்தம்?"

எனக்குப் புரியவில்லை.

"உனக்கு முடி குறையல, மாசமும் ஒழுங்காவலன்னு ஒவ்வொரு தடவையும் எழுதியிருக்கேன். மாத்திர ஒழுங்கா சாப்பிடறா, பிரயோசனம் இல்லன்னு அதுக்கு அர்த்தம். நாளைக்கு யாரோ டாக்டரு அதப் பாத்துட்டு, இந்த மருந்து வேலைக்காவாதுன்னு ஒரு பொண்ணுக்குக் குடுக்காம வுடுவாரு." நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "நீ பொய் சொல்லியிருந்தாகூடப் பரவால்லம்மா. உன் ரத்தத்த பொய் சொல்ல வெச்சிட்டியே."

துணி முடிச்சை அவர் பக்கம் நகர்த்தினேன்.

டாக்டர் வந்தார். கடிந்துகொள்ளவில்லை. எத்தனை மாத்திரை, எந்தத் தேதியிலிருந்து, கடைசியாக எப்போது சாப்பிட்டாள், நாள் தள்ளி எத்தனை நாள் என்று கேட்டுக் கேட்டு எழுதினார். பிறகு யாருக்கோ போன் செய்தார். உறையை உடைக்க அனுமதி வேண்டும், இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும். "ஒடச்சா அப்புறம் ஒட்ட முடியாது. நீ ஆய்வுல இருக்க முடியாது" என்றார். சரி என்றேன். என்னை வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள்.

பெண்ணாடத்துப் பெண்ணோடு உட்கார்ந்த அதே பெஞ்ச். எதிரே சுவரில் கடிகாரம் இருந்தது. நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, மருந்துக் கிடங்கு இருக்கிற பக்கத்து நடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாவாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். கோயில் குளம் என்று போகிற ஆள் இல்லை நான். யாரிடம் வேண்டினேன் என்று தெரியாது. என் நாக்கு சொன்னது ஒரே ஒருமுறை, தப்பான காரணத்துக்காகவாவது, சரியாக இருந்துவிடட்டும் என்று நினைத்தேன்.

கூப்பிட்டார்கள். டாக்டர் முன்னால் ஒரு வெள்ளைத் தாள் இருந்தது.

"மருந்துதான்" என்றார்.

அந்தத் தாளில் என் எண்ணைத் தேடினேன்.

"இன்னிக்கே அவங்கள கூட்டிட்டு வா. முக்கியமான வாரங்க இனிமேதான் வருது. இப்ப நிறுத்தினது நல்லது. ஆனா ஒண்ணும் ஆவாதுன்னு நான் எழுதிக் குடுக்க முடியாது. பாத்துக்கிட்டே போவணும்." நான் வாசல் வரை போன பிறகு மறுபடி கூப்பிட்டார். "நீ எங்கயும் போயிடாதம்மா. எப்போ என்ன சாப்பிட்டாங்கன்னு உனக்குத்தான் தெரியும்."

வீட்டுக்கு வந்தபோது மிஷின் ஓடவில்லை. அவள் என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "மருந்துதான்" என்று மட்டும் சொன்னேன். கத்திரிக்கோலை எடுத்துத் துணியை வெட்ட ஆரம்பித்தாள். கோடு போகாத இடத்தில் வெட்டிக்கொண்டே போனாள். பாதியில் நிறுத்திவிட்டு புர்க்காவை எடுத்து மாட்டிக்கொண்டாள். மாமியாரிடம் லைனிங் துணி எடுக்கப் போகிறேன், போயிட்டு வரேன் என்றாள். பஸ்ஸில் எனக்கு மூன்று சீட் முன்னால் உட்கார்ந்தாள்.

ஸ்கேனில் ஏழு வாரம் என்றார்கள். இதயம் துடித்தது. அதை மட்டும் அவளுக்குக் காட்டினார்கள். அன்றிலிருந்து அவளுக்கு நாள் குறித்துச் சோதனை. ஒவ்வொரு முறையும் நான் கூடப் போனேன். அவள் கூப்பிட்டதில்லை, வராதே என்றும் சொன்னதில்லை. எப்போதும் மூன்று சீட் முன்னால்தான் உட்காருவாள். மூன்றாம் மாதம் மாமியாரிடம் பிள்ளை விஷயத்தை மட்டும் சொன்னாள். மற்றதைச் சொல்லவில்லை. மாமியார் எனக்கும் ஒரு தட்டில் அல்வா கொடுத்தது. அதைத் தின்னாமல் வைத்திருந்தேன், எறும்பு மொய்த்தது.

ஐந்தாம் மாத ஸ்கேனைத்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதில் எல்லாம் தெரியும் என்று சொல்லியிருந்தார்கள். பெண்ணாக இருந்தால் இந்த மருந்தால் அந்தப் பயம் இல்லை. ஆணாக இருந்தால் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். ஸ்கேன் அறைக் கதவில், சிசு ஆணா பெண்ணா என்று இங்கே தெரிவிக்கப்பட மாட்டாது, அது குற்றம் என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. அத்தனை மாதம் அந்தப் பலகையைப் பார்த்தும் எனக்கு அது உறைக்கவில்லை. எங்களுக்கு வேண்டியது அது ஒன்றுதான். அதைத்தான் சொல்லக் கூடாது.

ஸ்கேன் டாக்டர் நீண்ட நேரம் பார்த்தார். அவள் படுத்தபடி அவர் முகத்தையே பார்த்தாள். நான் கதவுப் பக்கம் நின்றேன்.

"நல்லா வளருது" என்றார்.

"எல்லாமே நல்லா இருக்குதுங்களா?" என்றாள் தையல்காரி.

"வளர்ச்சி நல்லா இருக்குதும்மா. மீதிய பொறந்ததும் கொழந்த டாக்டரு பாப்பாங்க."

அந்த 'மீதி'யை வைத்துக்கொண்டு நாலு மாதம் ஓட்டினோம். அவள் கேட்கக் கூடாது, அவர் சொல்லக் கூடாது. மருந்துதான் என்று வந்து சொல்லி அந்தப் பயத்தை அவளுக்குள் போட்டவளும் நான்தான். வேலையில் என் நாக்கு மந்தமாகிவிட்டது. ஒரு கட்டையை மூன்று முறை வைத்துப் பார்ப்பேன். அப்போதும் சந்தேகமாக இருக்கும். மேஸ்திரி கூடையைப் பார்த்துவிட்டு, "நல்ல சரக்க எல்லாம் கழிச்சிக்கிட்டிருக்க, இன்னா ஆச்சு உனக்கு?" என்றார். என்னைத் தூக்கிப் பெட்டி கட்டுகிற வேலையில் போட்டார். நல்லதாகப் போயிற்று. இரண்டு முறை பையை மடித்தேன். இரண்டு முறையும் அவிழ்த்தேன்.

வைகாசியில், பகல் பதினோரு மணிக்கு வலி எடுத்தது. அந்தப் பெரிய ஆஸ்பத்திரியிலேயே பார்க்க வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். ஏன் அவ்வளவு தூரம் என்று மாமியார் கேட்டதற்கு, அங்கே மிஷின் எல்லாம் இருக்குது மாமி என்றாள். காரில் மாமியார் முன்னால். பின்னால் நானும் அவளும். அன்றைக்கு மூன்று சீட் விட்டு உட்கார வழியில்லை. வலி வரும்போது என் மணிக்கட்டைப் பிடித்து நெரித்தாள். வலி விட்டதும் கையை எடுத்துக்கொண்டாள்.

சாயங்காலம் வெயில் இருக்கும்போதே பிறந்தது. வெளியே வந்த நர்ஸ் மாமியாரிடம் ஆண் குழந்தை என்றார். மாமியார் இரண்டு கையையும் ஏந்தி துஆ செய்தது. நான் சுவரோரம் போய் உட்கார்ந்துவிட்டேன். குழந்தை டாக்டர் உள்ளே போனார். எங்கள் டாக்டரும் போனார். கதவின் அடி இடுக்கில் அவர்கள் செருப்பு நிழல் தெரிந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. குழந்தை அழுதது, நின்றது, மறுபடி அழுதது.

சிஸ்டர்தான் முதலில் வெளியே வந்தார். அந்த நாளுக்குப் பிறகு அவர் என்னிடம் வேலைக்கு மேல் ஒரு வார்த்தை பேசியதில்லை. மாமியாரைத் தாண்டி என்னிடம் வந்து குனிந்தார்.

"துணிய விலக்கி ரெண்டு டாக்டரும் பாத்துட்டாங்க. எல்லாம் சரியா இருக்குது. எதுக்கும் ஒரு வருசம் பாப்பாங்க." நிமிர்ந்து போகப் பார்த்தவர் நின்றார். "நீ வந்து சொன்னதால அவங்க நிறுத்தினாங்க. அதையும் எழுதித்தான் இருக்கேன்."

உள்ளே விட்டபோது கடைசியாகப் போனேன். கட்டிலில் தையல்காரி வெளுத்துப்போய்ப் படுத்திருந்தாள். பக்கத்தில் பச்சைத் துணியில் சுற்றின ஒன்று. மாமியார் போனில் குவைத்துக்குக் கத்திக்கொண்டிருந்தது. நான் கால்மாட்டிலேயே நின்றேன். அங்கிருந்து முகம் சரியாகத் தெரியவில்லை.

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழெட்டு மாதமாகத் தானாக என்னிடம் எதுவும் பேசாதவள். துணியை ஒரு ஓரமாக விலக்கி, குழந்தையின் உள்ளங்காலை வெளியே எடுத்து என் பக்கம் நீட்டினாள்.

"வா" என்றாள். "நாக்குல வெச்சுப் பாக்கல?"